குழாய்ப் பனியில் சிக்கிய பேச்சு

1978 நவம்பர் ஐந்தாம் தேதி குழாய்த் தொழிலாளி கெனாதி பெர்மியாக்கோவ், எங்கள் கெனா, செத்தான். பதினெட்டாம் தேதி அவன் மனைவி ஸோயாவின் சமையலறையில் சுண்டைக்காய் அளவுப் பனி ஒன்று உருகியபோது, "கை விறைக்குது, ரஷீத்" என்று அவன் குரல் கேட்டது. அன்று குளிர் மைனஸ் முப்பத்தெட்டு. கடைக்கு முட்டைக்கோஸ் வந்திருந்தது.

எங்கள் ஊர் எரிவாயுவுக்காகத் துண்ட்ராப் பனிவெளியில் கட்டிய ஊர். வாயுவோடு கொஞ்சம் தண்ணீரும் குழாயில் வரும். குளிரும் அழுத்தமும் சேர்ந்தால் அந்தத் தண்ணீர் சாதாரணப் பனியாக உறையாது. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கூண்டுகளாகக் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு துளி வாயுவை அடைத்துவிடும். பசையும் இல்லை, முடிச்சும் இல்லை. உள்ளே போனது போனபடியே இருக்கும். பெரிதாக எதுவும் அதற்குள் நுழையாது. கூண்டு காலியாக இருந்தால் நிற்காது, இடிந்துவிடும். அடைபட்டதுதான் சுவரைத் தாங்குகிறது. எங்கள் ஊரும் அப்படித்தான் நின்றது, ஆனால் அதைச் சொன்னால் மேலிடத்துக்குக் கோபம் வரும். ஒரு பிடிப் பனி உருகினால் நூற்று அறுபது பிடி வாயு வரும் என்பது இங்கே சமையல்காரிக்கும் தெரிந்த கணக்கு.

நவம்பர் தொடக்கத்தில் அந்தப் பனி மூன்றாவது குழாயை அடைத்துக்கொண்டது. அடைப்புக்கு இரண்டு பக்கமும் அழுத்தத்தை மெல்ல மெல்ல இறக்க வேண்டும், மூன்று நாள் ஆகும். ஒரு பக்கம் மட்டும் இறக்கினால் அடைப்பு பீரங்கிக் குண்டாகக் கிளம்பும். ஆனால் தலைமைப் பொறியாளர் அர்காதி ல்வோவிச் சுகரூக்கொவ், ஏழாம் தேதி புரட்சி விழாவுக்கு வாயு ஓடும் என்று தியுமென் தலைமையகத்துக்குத் தந்தி அடித்துவிட்டார். நாய்த்தோல் தொப்பியோடு வந்து நின்று, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார். அடைப்பு கிளம்பியது. வால்வைத் திறந்த கெனா எதிரே நின்றான்.

தியுமெனிலிருந்து விசாரணைக் கமிஷன் வந்தது. இரண்டு நாள் மான்கறி தின்றது. அடைப்பைக் கரைக்கக் குழாயில் ஊற்றும் மெத்தில் சாராயத்தைக் கெனா குடித்திருந்தான், போதையில் தன் இஷ்டத்துக்குத் திறந்தான் என்று எழுதிவிட்டுப் போனது. இங்கே குழாயில் எவன் செத்தாலும் அதைத்தான் எழுதுவார்கள். செத்தவன் எழுந்து வந்து வாயை ஊதிக் காட்டவா போகிறான்? வயிற்றுப்புண் காரணமாகத் தன் கல்யாணத்திலேயே பழரசம் குடித்தவன் கெனா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த நாங்களும் அந்தச் சோற்றைத் தின்றோம்.

வெல்டர் ரஷீத் மட்டும், கெனா விழுந்த இடத்தில் சிதறிக் கிடந்த பனியை வாளியில் அள்ளி வந்து ஸோயாவிடம் கொடுத்தான். அவள் அதை வலைப்பையில் கட்டி, எல்லோரும் குளிர்காலத்தில் இறைச்சியைத் தொங்கவிடுவதுபோல, ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டாள். அதிலிருந்து உதிர்ந்த துண்டுதான் சமையலறையில் பேசியது. மறுநாள் அவள் அலுவலகத்துக்குப் போனாள்.

"அர்காதி ல்வோவிச், பையில இன்னும் நாலு கிலோ இருக்கு. கமிஷனைத் திரும்பக் கூப்பிடுங்க. அவங்க முன்னால உருக்குறேன்."

"உனக்கு உடம்பு சரியில்லம்மா ஸோயா. கருங்கடல் ஓய்வில்லத்துக்குச் சீட்டு எழுதித் தர்றேன், ஒரு மாசம் போயிட்டு வா."

"என் புருஷனைக் குடிகாரன்னு எழுதினதுக்குக் கையெழுத்துப் போட்ட அதே பேனாவாலயா?"

அடுத்த நாள் மதியம் அவள் தான் வேலை பார்க்கும் கேன்டீனில் சூப் ஊற்றிக்கொண்டிருந்தபோது, வலைப்பை காணாமல் போனது. அர்காதி ல்வோவிச் வாயுப் பொறியியல் படித்தவர். இந்தப் பனியை எதில் கரைப்பது என்று அவருக்குத் தெரியும். தன் வீட்டுக் குளியல் தொட்டியில் போட்டு மெத்தில் சாராயத்தை ஊற்றினார். ஆனால் அக்டோபரிலேயே அவர் மனைவி ஊர்ப் பெண்கள் எல்லோரையும்போல, குளிர் புகாமல் இருக்க, ஜன்னல் இடுக்குகளில் பஞ்சை அடைத்துக் காகிதம் ஒட்டியிருந்தாள். அதை அவர் மறந்துவிட்டார். அறுநூறு லிட்டருக்கு மேல் பேச்சு கிளம்பியது, போக வழி இல்லை.

"ஒரு பக்கம் திற."

"ரெண்டு பக்கமும் திறக்கணும், அர்காதி ல்வோவிச். ஆளைக் கொன்னுரும்."

"திற. நான் பாத்துக்கிறேன்."

குழாயருகே நின்ற அன்று அவர் சோசலிசப் போட்டி, ஐந்தாண்டுத் திட்டம் என்றெல்லாம் கூடப் பேசியிருந்தார். அந்த நீளச் சொற்கள் கூண்டுக்குள் நுழையவில்லை. மிச்சமெல்லாம் வெந்நீர்க் குழாய் வழியாக ஐந்து மாடிக்கும் கேட்டது. அவர் கதவைத் திறந்து பார்த்தார், ஒட்டிய காகிதத்தைக் கிழித்துப் பார்த்தார். சுவரில் ஏறிய பேச்சு இறங்கவில்லை.

கமிஷன் மறுபடி வந்து குளியலறையில் காதைக் கொடுத்துக் கேட்டது. தண்ணீர்க் குழாயின் இரைச்சல் என்று எழுதியது. அர்காதி ல்வோவிச்சுக்குப் பதவி உயர்வு கொடுத்துத் தியுமெனுக்கு மாற்றினார்கள். வீட்டுக்காகப் பதினோரு வருடம் காத்திருந்தவர்கள்கூட அந்த வீட்டை வேண்டாம் என்றார்கள். ஸோயா மட்டும் விண்ணப்பித்தாள், கிடைத்தது. அதன் பிறகு ஊருக்கு வரும் புதுப் பொறியாளர் எவரையும் ரஷீத் முதலில் அங்கேதான் அழைத்துப் போவான்; முக்காலியில் அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்ட பிறகுதான் குழாய் பக்கம் விடுவோம். யாரும் மறுபடி ஒரு பக்கம் மட்டும் திறக்கவில்லை.

பத்தொன்பது வருடம் கழித்து, ஊரின் ஆண்டு விழாவுக்கு அர்காதி ல்வோவிச் கைத்தடியோடு வந்தார். ஸோயாவின் கதவைத் தட்டினார். அவள் முக்காலியைக் காட்டினாள், காகிதமும் பேனாவும் கொடுத்தாள். அவர் ஒன்றரைப் பக்கம் எழுதினார். அவள் வாங்கிப் படித்துக் கிழித்தாள்.

"அந்தக் காலத்து நெருக்கடி எனக்கு எதுக்கு? நீங்க செஞ்சதை எழுதுங்க."

ஒரு மணி நேரம் கழித்து அவர் எழுதினார்: நான்தான் திறக்கச் சொன்னேன். அவன் குடிக்கவில்லை.

அவள் தேநீர்கூடக் கொடுக்காமல் அவரை அனுப்பிவிட்டு அலுவலகத்துக்கு நடந்தாள். அங்கே இருந்த பெண், பழைய நிறுவனத்தையே கலைத்துவிட்டார்கள், இதை வாங்க ஆள் இல்லை என்றாள்.

"முத்திரை யார்கிட்ட இருக்கு?"

"எங்கிட்டதான்."

"அப்ப குத்தும்மா."

அந்தப் பெண் குத்தினாள். பழைய கமிஷன் அறிக்கையைத் தேடி எடுத்து, குடித்திருந்தான் என்ற வரியின் குறுக்கே கோடும் போட்டாள்.

ஸோயா வீட்டுக்கு வந்து தொட்டியில் துணி ஊறவைத்தாள். கெனா வழக்கம்போல இரண்டு பக்கமும் திறக்கச் சொன்னான்.

"சொல்லிக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு அவள் சோப்பை எடுத்தாள்.