மெழுகக்காவின் தப்பு நோட்டு

அந்தப் பல்செட் பட்டறையில் அவளை எல்லோரும் மெழுகக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சைப் பார்த்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு வரிசை பிடிப்பது அவள் வேலை. பதினோரு வருஷமாக நடுகிறாள். அவள் நட்ட பற்களை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் நிம்மதியாக மென்றுகொண்டும், பெண்டாட்டி புருஷனைத் திட்டிக்கொண்டும் இருந்தார்கள். அவளைக் கேட்டால் மட்டும், எல்லாம் ஏதோ தப்பித் தவறி நிற்கிறது என்பாள்.

அவள் மேசை இழுப்பறையில் ஒரு நோட்டு இருந்தது. அன்றன்றைக்குச் செய்த தப்பை அன்றன்றைக்கே எழுதிவிடுவாள். 'செவ்வாய்: இரண்டு கோரைப்பல்லையும் வலப்பக்கத்துப் பல்லாகவே நட்டேன். புதன்: நிறம் ஒரு படி மஞ்சள் தூக்கல்.' இப்படிப் பக்கம் பக்கமாக. சாமி கணக்குக் கேட்டால்கூட இவ்வளவு சுத்தமாக யாரும் ஒப்பிக்க மாட்டார்கள்.

அப்படிப்பட்டவளை, போன திங்கட்கிழமை முதலாளியம்மா கூப்பிட்டு, "பரிசோதனை மேசைக்கு நீ வந்துடு. சனிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லு" என்றுவிட்டாள். அந்த மேசையில் உட்காருகிறவர் கையெழுத்துப் போட்டால்தான் எந்த செட்டும் வெளியே போகும். ஜன்னலோர மேசை அது. உண்மையைச் சொன்னால், மெழுகக்காவுக்கு அந்த நாற்காலி மேல் பதினோரு வருஷமாக ஆசை. ஆள் இல்லாத நேரத்தில் இரண்டு தடவை உட்கார்ந்துகூடப் பார்த்திருக்கிறாள்.

ஆனால் ஆசைப்பட்டது தானாகத் தேடி வந்தால் அவளுக்குப் பயம்தான் முதலில் வரும். இத்தனை பேர் இருக்க என்னை ஏன்? நாளைக்கு ஏதாவது வம்பு வந்தால் தலையைக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும், அதற்குத்தானா? வீட்டில் கணவனிடம் கேட்டாள்.

"உனக்கு வேலை தெரியும், அதான் கூப்பிடறாங்க" என்றான் அவன்.

"நீங்க ஏன் இவ்வளவு சீக்கிரம் பதில் சொல்றீங்க? ஏற்கெனவே யாராவது உங்ககிட்ட பேசினாங்களா?"

அவன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

செவ்வாய்க்கிழமை நோட்டைத் திறந்தாள். அவள் எழுத்தைப் போலவே குண்டு குண்டாக, அவள் எழுதாத ஒரு வரி: 'காலையில் கரண்ட் போனது. முன்கூட்டியே நான் சொல்லியிருக்க வேண்டும்.' புதன்கிழமை இன்னொன்று: 'முதலாளியம்மாவுக்கு ஜலதோஷம். பக்கத்தில் இருந்தும் தடுக்கத் தவறினேன்.'

யாரோ நோட்டைப் படிக்கிறார்கள். படித்தது போதாதென்று கிண்டல் வேறு! அடப்பாவிகளா, மனுஷியின் மானம் உங்களுக்கு விளையாட்டா? அவள் அந்த இரண்டு வரிகளையும் பேப்பர் கிழிகிற மாதிரி அடித்தாள். சந்தேகம் நேராக எதிர் மேசைக்குப் போனது. அங்கேதான் பாலிஷ் அண்ணன் இருந்தார். மோட்டாரில் செட்டுகளைத் தேய்த்து மினுக்குகிறவர். யார் மூத்தவர் என்று இன்றுவரை தீராததால் அவர் இவளை அக்கா என்பார், இவள் அவரை அண்ணே என்பாள். மூன்று மாதமாக அவர் இவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. நாற்காலி மேல் அவருக்கும் கண் இருக்க வேண்டும் என்று அவள் தீர்மானித்துவிட்டாள்.

வியாழக்கிழமை ஆளைப் பிடிக்க ஒரு வழி செய்தாள். நோட்டு அட்டை மேல் பிளாஸ்டர் மாவைத் தாராளமாகத் தூவிவிட்டுச் சாப்பிடப் போனாள். தொட்டவன் கை வெள்ளையாகிவிடும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று கணக்கு. திரும்பி வந்து ஒவ்வொருவர் கையாக நோட்டம் விட்டாள். பாலிஷ் அண்ணன் கை வெள்ளை. முதலாளியம்மா முழங்கை வரை வெள்ளை. பார்சல் கட்டுகிறவளுக்கு மூக்கு நுனிகூட வெள்ளை. நாள் முழுக்க பிளாஸ்டர் குழைக்கிற பட்டறையில் வேறு எந்தக் கை கிடைக்கும்? தன் கையையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அதுதான் எல்லாவற்றையும்விட வெள்ளையாக இருந்தது.

'ஆள் பிடிக்கக்கூட எனக்குத் தெரியவில்லை' என்று அதையும் நோட்டில் எழுதி வைத்தாள்.

சனிக்கிழமை காலை, நோட்டைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு முதலாளியம்மா முன்னால் போய் நின்றாள். பாலிஷ் அண்ணனும் அங்கே ஏதோ செட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். இருக்கட்டும், அவரும் கேட்கட்டும் என்று நினைத்தாள்.

"எனக்கு இந்தப் பொறுப்பு வேண்டாம்மா. நான் லாயக்கில்லை. இதைப் படிங்க, தெரியும். அடிச்சிருக்கறது மட்டும் என்னோடது இல்லை. யாரோ வேணும்னே எழுதினது."

ஜன்னல் பக்கம் திரும்பாமல் இருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

முதலாளியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அங்கங்கே உரக்கப் படித்தாள். "'கீழ்த்தாடை செட் இரண்டாக விரிசல். மெழுகை மெல்லிசாக வைத்துவிட்டேன். பாவம், யார் வாயோ.' இது?"

"என் தப்புதாம்மா. மூணு மாசம் ஆச்சு. இன்னும் தூக்கத்துல வருது."

"'எல்லா செட்டும் நன்றாகப் பொருந்தியது என்று கிளினிக்கிலிருந்து போன். அங்கே யாருக்கும் வாயில் உணர்ச்சி இல்லை போலிருக்கிறது. விசாரிக்காமல் விட்டேன்.' இது?"

"அதுவும் நான்தான். விசாரிச்சிருக்கணும்."

"இல்லக்கா," என்றார் பாலிஷ் அண்ணன். "அது நான் எழுதினது. நேத்து."

மெழுகக்கா அவரைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள். கிண்டலுக்கு எழுதின வரியைத் தன்னுடையது என்று சத்தியம் செய்யாத குறையாக ஏற்றுக்கொண்டிருக்கிறாள்! வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அப்ப நீங்கதானா? எதுக்குண்ணே? நாற்காலிக்கா?"

"நாற்காலியா? உக்காந்து பார்க்கற வேலை நமக்கு ஆகாதுக்கா, தூங்கிடுவேன்." அவர் குரல் இறங்கியது. "அந்த விரிசல் செட்... மோட்டார் பிடுங்கி எறிஞ்சதுக்கா. சுவத்துல அடிச்சு விழுந்துச்சு. நான்தான் துடைச்சு பொட்டியில வச்சுட்டேன். ஒருநாள் பசை தேட இழுப்பறையைத் திறந்தேன். நீங்க அதை உங்க பேர்ல எழுதி வச்சிருக்கீங்க. சொல்ல வாய் வரலை. சும்மா ஏதாவது எழுதினா, சிரிச்சுட்டு நோட்டைத் தூக்கிப் போடுவீங்கன்னு பார்த்தேன். நீங்க அதையும் உங்க தப்பா எடுத்துக்கிட்டீங்க!"

முதலாளியம்மா முதலில் இருமினாள். அப்புறம் பார்த்தால் அது இருமல் இல்லை, சிரிப்பு. சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து திட்டம் போட்டீங்களா?" என்றாள் மெழுகக்கா.

"நோட்டு இருக்கறதே எனக்கு இப்பத்தான் தெரியும். ஆனா நீ தப்பு பண்றது தெரியாதுன்னு நினைச்சியா? உன் கோரைப்பல் கதை, மஞ்சள் கதை எல்லாம் திரும்பி வந்தது என் மேசைக்குத்தானே? எல்லாம் தெரிஞ்சுதான் கூப்பிட்டேன்."

எல்லாம் தெரிந்துதான். மெழுகக்காவுக்கு அந்தச் சொல் எங்கோ போய்த் தைத்தது. இத்தனை வருஷமாக எதை மூடி மூடி வைத்தாளோ, அது எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. தெரிந்தும் யாரும் அவளைத் துரத்தவில்லை. அழுகை வரும் என்று நினைத்தாள். மூக்கில் காற்று வந்து, அதுவே சிரிப்பாகிவிட்டது. 'ஜலதோஷத்தைத் தடுக்கத் தவறினேன்' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு இன்னும் சிரித்தாள். ஆனாலும், இவ்வளவு சுலபமாக முடிகிறதே, உள்ளே வேறு ஏதும் இருக்குமோ என்று ஒரு ஓரத்தில் அரித்துக்கொண்டுதான் இருந்தது. அது அவள் கூடப்பிறந்தது, ஒரே நாளில் போகாது.

ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். பாலிஷ் அண்ணன் கையிலிருந்த செட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு நின்றார். அவள் அதை வெளிச்சத்தில் திருப்பினாள். உள்பக்கம் மெல்லிய கோடு ஒன்று. மெழுகில் விழுந்ததா, நான்தான் கத்தியை அழுத்திவிட்டேனா என்று மனசு பழைய வழியில் கிளம்பியது. இன்னொரு தடவை திருப்பினாள். மோட்டார் கீறல். சந்தேகமே இல்லை.

"அண்ணே, இது உங்க தப்பு."

பாலிஷ் அண்ணன் முகம் மலர்ந்துபோனது. "ஆமாக்கா," என்றார், பரிசு வாங்கினவர் மாதிரி. "என்னோடதுதான்!"