பாறைமேல் ஏறிய படகு

"தம்பி எங்க வந்துட்டான்னு பாரும்மா, பாரு" என்று மாமா அவசரப்படுத்தியபோது, அவள் அப்பாவின் காதிலிருந்து கசிந்த கடல்நீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. ஒரு மனுஷனுக்குள் இவ்வளவு கடல் எப்படிப் போனதோ தெரியவில்லை.

கையைத் துடைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தாள். அவளுக்கு வேலையே அதுதான். துறைமுகக் கண்காணிப்பு அறையில் உட்கார்ந்து, கடலில் எந்தப் படகு எங்கே போகிறது என்று திரையில் பார்ப்பது. படகுக்கு ஒரு பெட்டி கொடுத்திருந்தார்கள். பெட்டி போகிற இடமெல்லாம் திரையில், அவள் கைப்பேசியிலும், ஒரு பச்சைப் புள்ளி போகும். ஆபத்தென்றால் பெட்டியிலுள்ள பொத்தானை அமுக்கவேண்டும், புள்ளி சிவந்துவிடும். அப்பாவின் புள்ளி சிவக்கவே இல்லை.

"தெக்கால இருந்து வந்துட்டிருக்கான் மாமா. மெதுவாத்தான் வர்றான்."

"வரட்டும். மகன் வராம எப்படி எடுக்குறது?"

காலையில் வேறு படகுக்காரர்கள் அப்பாவைத் தண்ணீரில் மிதக்கக் கண்டு தூக்கிவந்தார்கள். அவரோடு கடலுக்குப் போனவன் தம்பி ஒருவன்தான். அப்பா தவறி விழுந்திருப்பார், பையன் தேடி அலைந்துவிட்டுத் திரும்புகிறான் என்று எல்லாரும் முடிவுகட்டிவிட்டார்கள். படகுதான் கண்ணுக்கெதிரே வருகிறதே, அப்புறம் யாரைத் தேடப்போவது? ஒயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் பதில் இல்லை. "அந்தச் சனியன் என்னிக்கு ஒழுங்கா வேலை செஞ்சுது?" என்றார் மாமா. அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

அம்மா அழவில்லை. புருஷன் கூடத்தில் பெஞ்சின்மேல் கிடக்க, அவள் சித்தியை அடுப்படிக்கு விரட்டிக்கொண்டிருந்தாள். "பசியோட வருவான்டி. போனவரு போயிட்டாரு, இருக்கிறவன் சாப்பிடட்டும். அப்புறம் உக்காந்து அழுதுக்கலாம்."

சித்தி போகிற போக்கில் கைப்பேசியை எட்டிப் பார்த்தாள். "அச்சு அசல் உங்கப்பாவே ஓட்டிட்டு வர்ற மாதிரி இருக்கு பாரேன். அதே ஆமை வேகம்." யாரோ சிரித்தும்விட்டார்கள். அவள் மட்டும் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா அப்படியேதான் படுத்திருந்தார்.

துறைமுகத்துக்குச் சற்று முன்னால் தண்ணீருக்குள் ஒரு பாறைத்திட்டு உண்டு. கடல் வற்றியிருக்கும் இந்த நேரத்தில் அப்பாவின் படகு அதன் பக்கமே வராது. படகின் அடிப்பாகம் தண்ணீருக்குள் அவ்வளவு ஆழம் இறங்கியிருக்கும். சுற்றிக்கொண்டுதான் வரும். தம்பியும் அப்படித்தான், அப்பாவிடம் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமா? புள்ளி சுற்றவில்லை. நேரே பாறைமேல் ஏறியது. நடுவில் நின்றது. நகர்ந்தது. மறுபடி நின்றது.

அந்தப் பாறைமேல் அப்பாவின் படகு போகவேண்டுமானால் அது ஆவியாகத்தான் இருக்கவேண்டும். ஆவி நடுவழியில் நின்று நின்று போகுமா? அப்படிப் போகிறவர் ஒருத்தர்தான். தட்டையான சின்னப் படகில் வந்து, திட்டில் போட்ட கூடுகளைத் தூக்கிப் பார்க்கிற நண்டுக்காரர். அப்பாவின் உயிர்ச் சிநேகிதர்.

பெட்டி அப்பாவின் படகில் இல்லை. நண்டுக்காரருடைய படகில் இருக்கிறது.

மீன் முட்டையிடுகிற வடகடலை இந்தப் பருவத்துக்கு மீன்பிடிக்கக் கூடாதென்று மூடியிருந்தார்கள். மூடலாம் என்று கூட்டத்தில் முதல் ஆளாகக் கைதூக்கியவர் அப்பா. பெட்டியோடு அங்கே போனால் திரை காட்டிக்கொடுக்கும். அதனால் பெட்டியை இன்னொருத்தர் படகில் ஏற்றிவிட்டுப் போகிற களவாணித்தனம் துறைமுகத்தில் உண்டு. எத்தனையோ பேரை அவளே பிடித்திருக்கிறாள். அப்பா செய்வார் என்று கனவிலும் நினைத்ததில்லை. பெட்டியோடு பொத்தானையும் அல்லவா கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், பாவி மனுஷன்! செத்துக் கிடப்பவர்மேல் இப்படிக் கோபம் வரும் என்று அவளுக்குத் தெரியாது.

சொன்னால் அப்பாவின் முகத்தை ஊர் இனி எப்படிப் பார்க்கும்? சொல்லாவிட்டால் தம்பி? அவன் நன்றாக நீந்துவான். எதையாவது பிடித்துக்கொண்டு கிடப்பான். அலுவலகத்தைக் கூப்பிட்டாள்.

"சார், வர்றது எங்க படகு இல்ல. பெட்டி மட்டும்தான். படகு மூடின கடல்ல இருக்கு சார். அங்க ஆள அனுப்புங்க, உடனே அனுப்புங்க."



"பொணத்த வச்சுக்கிட்டு என்ன பேச்சு பேசுற?" மாமா சீறினார். "அந்த மனுஷன் மானத்த வாங்கத்தான் பெத்தாரா உன்னை?"

"மானம் போனாப் போகட்டும் மாமா. தம்பி அங்க கெடக்குறான்."

"வாய மூடுடி" என்றாள் அம்மா. "எம்புள்ள வந்துக்கிட்டிருக்கான்."

அம்மா கைப்பேசியைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். புள்ளி துறைமுகத்துக்குள் வந்தது. படகுத்துறையில் ஒட்டி நின்றது. "பாத்தியா?" என்றாள் அம்மா.

அப்புறம் புள்ளி கரையேறியது.

ஐஸ் கம்பெனியைத் தாண்டியது. கடைத்தெரு வழியாக நடந்தது. செத்தவரின் படகு தெருமுனையில் திரும்பி, வீடு வீடாகக் கடந்து, வாசலில் வந்து நின்றது. சித்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னப்பா, வாசல்ல இவ்வளவு செருப்பு? வீட்ல விசேஷமா?" நண்டுக்காரர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார், கையில் சாக்குப்பை. "எங்க நம்ம ஆளு? சாமானைக் குடுத்துட்டுப் போலாம்னு…"

பெஞ்சைப் பார்த்துவிட்டார். பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்.

"எப்பய்யா குடுத்தாரு?" மாமா கேட்டார். நண்டுக்காரர் சாக்குப்பையிலிருந்து பெட்டியை எடுத்து நீட்டினார்.

அம்மா மட்டும் நண்டுக்காரரின் தோளுக்குப் பின்னால் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒருத்தன் செருப்பைக் கழற்றிவிட்டு வருவான் என்பதுபோல.

கைப்பேசி அம்மாவின் மடியில் அடித்தது. மகள் எடுத்துக் கேட்டாள். ரோந்துப்படகு வடகடலில்தான் இருந்திருக்கிறது. படகைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கவிழ்ந்து கிடக்கிறது. அதன்மேல் யாரும் இல்லை, சுற்றிலும் யாரும் இல்லை, தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார்கள்.

சொல்லி முடித்தாள். யாரும் அழத் துணியவில்லை, எல்லாரும் அம்மாவின் முகத்தையே பார்த்தார்கள்.

அம்மா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெஞ்சின் தலைமாட்டைப் பிடித்தாள்.

"அந்தப் பக்கம் பிடிடி. இவரைக் கொஞ்சம் சுவரோரமா நகத்தணும்."

"இப்ப எதுக்குக்கா?" என்றாள் சித்தி.

பெஞ்சு தரையில் உரசிக்கொண்டு நகர்ந்தது. பக்கத்தில் இன்னொரு பெஞ்சு போடுமளவுக்கு இடம் வந்ததும், போதும் என்றாள்.