ஒரு மணி நேரம் குழாயைத் திறக்கக் கூடாது

1

இந்தக் கதை பிறந்த இடத்தைச் சொன்னால் மூக்கைப் பிடித்துக்கொள்வீர்கள். பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்: இந்தோனேசியாவின் செமாராங் நகரில், எங்கள் வீட்டுக் கழிவறையில். செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு உள்ளே வந்தேன். இன்னும் வெளியே போகவில்லை.

உண்மையில் நான் எழுத வேண்டியது கதையே இல்லை. எங்கள் தெருத் தலைவர் பாக் கஸ்மிஜான் போன வாரம் வந்தார். (இந்த ஊரில் 'பாக்' என்றால் ஐயா.) "வீட்டுல உக்காந்து வேலை பாக்குறவங்க கரண்டையும் குப்பையையும் எப்படிக் குறைக்கலாம்னு அறிவிப்புப் பலகைக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, பாக் தர்யோனோ. உங்கள விட்டா இந்தத் தெருவுல வேற யாரு இருக்கா?" என்றார். நான் புகழ்ச்சிக்கு மயங்குகிறவன் இல்லை. அன்றைக்கு மட்டும் மயங்கிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "மின்சாரத்தைச் சேமிப்பது மனத்தைச் சேமிப்பதாகும். வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, தாளின் இரு பக்கமும்..."

அடித்துவிட்டேன். படிக்கிறவன் கொட்டாவி விடுவான்.

இரண்டாம் தொடக்கம்: "ஹர்ஜிதோ என்று ஒருவர் இருந்தார். வீட்டிலிருந்தே பாடநூல்களுக்குப் பிழை திருத்துபவர். மகா சிக்கனக்காரர். அவருடைய மனைவி..."

இதை நேற்று என் மனைவி ரெட்னோ படித்தாள். இந்த ஊர் மனைவிகள் கணவனைக் கூப்பிடுகிறபடி, அவளுக்கு நான் 'மாஸ்'.

"யாரு மாஸ் இந்தக் கஞ்சப் பிசினாறி?"

"சும்மா, கற்பனை."

"கற்பனை ஆளுக்கு உங்க சட்டையில இருக்குற கிழிஞ்ச பாக்கெட்டு எப்படி வந்துச்சு?"

ஆகவே ஹர்ஜிதோவை அனுப்பிவிட்டேன். இனி நான்தான்.

3

சுவருக்கு அந்தப் பக்கம் ரெட்னோவுக்கு வீடியோவில் தேர்வு நடக்கிறது. பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை. இணைப்பு ஒரு தடவைகூட அறுபடாவிட்டால் அவளுக்கு நிரந்தரமாக வீட்டிலிருந்தே வேலை. அறுபட்டால் அடுத்த மாதமே ஜகார்த்தா அலுவலகம். அவள் அங்கே, நான் இங்கே.

தெருச் சத்தம் கேட்கக் கூடாதென்று ஜன்னலை மூடியிருக்கிறாள். மூடினால் வெந்துபோவாள், ஆகவே ஏசி. அப்புறம் கணினி, முகத்துக்கு இரண்டு விளக்கு. எங்கள் வீட்டுக்கு அனுமதித்திருப்பது தொள்ளாயிரம் வாட். கொஞ்சம் கூடினாலும் வாசல் மீட்டர் 'ஜெக்ளெக்' என்று விழும், வீடு மொத்தமும் அணைந்துவிடும். ஃபிரிட்ஜையும் ரைஸ் குக்கரையும் நானே பிடுங்கிவைத்தேன். மிச்சமிருப்பது தண்ணீர் மோட்டார். அதற்குப் பிளக் கிடையாது, நேர் ஒயர். மேலே தொட்டியும் கிடையாது. குழாயைத் திறந்தால் மோட்டார் தானாகக் கிளம்பும். அது கிளம்புகிற உதையில் மீட்டர் கட்டாயம் விழும்.

தேர்வுக்கு உட்காரும் முன் ரெட்னோ விரலை ஆட்டிச் சொன்னாள்: "மாஸ், ஒரு மணி நேரம். வீட்டுல யாரும் குழாயத் தொறக்கக் கூடாது."

"யாரும்னா? இருக்கிறதே நாம ரெண்டு பேரு."

"அதுக்குத்தான் சொல்றேன்."

(போன வருஷமே கெஞ்சினாள், "ஆயிரத்து முந்நூறுக்கு மாத்திடலாம் மாஸ்" என்று. "அளவு இருந்தாத்தான் ஒழுக்கம் வரும்" என்றேன். ஒழுக்கம் வந்துவிட்டது. இதோ, குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறது.)

4

தெரிந்தும் ஏன் உள்ளே வந்தாய் என்று கேட்பீர்கள். நேற்று அரைத்து மிஞ்சிய மிளகாய்ச் சம்பல் வீணாகக் கூடாதென்று காலையில் அம்மியை வழித்துத் தின்றேன். மிளகாய் தன் வேலையைக் காட்டிவிட்டது.

சரி, கழிவறைத் தொட்டித் தண்ணீர் என்ன ஆயிற்று? இந்த ஊரில் எந்தக் கழிவறையிலும் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும், மொண்டு ஊற்றிக்கொள்ளலாம். எங்கள் வீட்டிலும் இருந்தது. தொட்டி வைத்தால் தண்ணீர் விரயம் என்று போன மாதம் நான்தான் அதைக் காயவைத்து, ஒரு பக்கம் அச்சான பழைய தாள்களை அடுக்கிவைத்தேன். நல்ல ஆழமான தொட்டி. முந்நூறு தாளாவது இருக்கும். சொட்டுத் தண்ணீர் இல்லை.

[நீங்கள் படிக்கும் இந்தத் தாளின் பின்பக்கம்: ஐந்தாம் வகுப்பு அறிவியல், 'நீரின் பயன்கள்'. நான் திருத்தியதுதான், திருப்பிப் பார்க்கவில்லை. பார்க்கிற நிலையில் இல்லை.]

விளக்கும் போடவில்லை. காற்றுத் துளை வெளிச்சத்தில் எழுதுகிறேன். கைபேசி மாற்று இணைப்புக்காக அவளிடம் இருக்கிறது. மணி தெரியவில்லை. கால் மரத்துப்போய்

(எழுந்து நின்று பார்த்தேன். நிற்பது இன்னும் மோசம்.)

5

முடிவுகளை யோசிக்கிறேன்.

அ. குழாயைத் திறக்கிறேன், அதிசயமாக மீட்டர் விழவில்லை. நீங்கள் நம்ப மாட்டீர்கள். என் மீட்டரை எனக்குத் தெரியும், நானும் நம்ப மாட்டேன்.

ஆ. தொட்டியிலிருந்து நாலு தாளை எடுத்து... சீச்சீ! மறுபயன்பாட்டுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. இதைப் பலகையில் எழுதலாம்.

இ. திறக்கிறேன், ஜெக்ளெக். ரெட்னோ ஜகார்த்தா போகிறாள். வீட்டில் ஒரே ஆள், ஒரே விளக்கு, ஒரு கைப்பிடி அரிசி. கரண்ட் பாதியாகக் குறைகிறது. பாக் கஸ்மிஜான் என்னைப் பாராட்டி...

இதை முடிக்க மனம் வரவில்லை.

அப்போது சுவருக்கு அப்பால் தேர்வு நடத்தும் அம்மாள் கேட்பது காதில் விழுந்தது: "உங்க வீட்டுல கரண்டு திடீர்னு போயிடாதே?"

"போகாதுங்க," என்றாள் ரெட்னோ, யோசிக்கவே இல்லை. "என் வீட்டுக்காரர் இருக்காரு. அவருக்குத் தெரியாம எங்க வீட்டுல ஒரு விளக்கு எரியாது. அவரு பாத்துக்குவாரு."

அவள் என்னை வெளியாளிடம் புகழ்ந்து ஆறு வருஷம் இருக்கும். குழாய்மேல் இருந்த கையை எடுத்துவிட்டேன். அவள் ஜெயிக்கட்டும், நாளைக்கே ஆயிரத்து முந்நூறுக்கு மனுப் போடுகிறேன். இது சத்தியம்.

6

இந்தத் தாள் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. ஆகவே முடிவு ஆ இல்லை என்பது மட்டும் உறுதி. என் மானத்துக்கு நீங்களே சாட்சி.

சற்று முன் அடுத்த அறையில் பேச்சு நின்றுவிட்டது. தேர்வு முடிந்துவிட்டதா? இல்லை, கேள்விக்குப் பதில் யோசிக்கிறாளா? முடிந்ததும் இருமு என்று சொல்லிவைத்திருக்கலாம். சொல்லவில்லை. கை மறுபடி குழாய்க்குப் போகிறது.

நீங்கள் வெளியேதானே இருக்கிறீர்கள்? உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், அந்த அறையைக் கொஞ்சம் எட்டிப் பார்த்து வந்து சொல்லுங்கள். கதவை மட்டும் மெதுவாகத் தட்டுங்கள். அவள் இன்னும் பேசிக்கொண்டிருக்கலாம்.