பத்து லட்சத்து ஒன்று

“பத்து லட்சத்து ஒண்ணு எதாலயும் வகுபடாது வேல்விழி. பந்தயம்!”

“வகுபடும். எதாலன்னு கண்டுபிடிச்சுட்டு வாங்க. அப்புறம் நீங்க என்ன கேட்டாலும் சரிங்கேன்.”

சிவகாசி அச்சகத்தில் லாட்டரிச் சீட்டுகளின் எண் வரிசையைச் சரிபார்த்தபடி அவள் சிரித்ததை, மூன்று வருடம் கழித்தும் கதிரவன் மறக்கவில்லை. அன்று மாலை சீட்டுக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு தன் வேனில் ஏறியதுமே கழிவுத்தாளில் கணக்கைத் தொடங்கினான். மூன்று, ஏழு, பதினொன்று என்று ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துக்கொண்டே போனவன், தொண்ணூற்றேழோடு சலித்துப்போய் விட்டுவிட்டான். அடுத்த மாதமே லாட்டரிக்குத் தடை வந்தது. அவள் காலண்டர் கம்பெனிக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், பழைய தாளைத் தேடி எடுத்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். அடுத்த பகா எண் நூற்றியொன்று. மீதியே இல்லாமல் வகுபட்டது. அன்று ஒரே ஒரு படிக்கு முன்னால் நின்றுவிட்டிருக்கிறான்!

காலண்டர் கட்டுகளுக்கு நடுவே நின்றவளிடம் தாளை நீட்டினான்.

“நூத்தியொண்ணால வகுபடுது.”

“இம்புட்டு நாளாவா வகுத்தீக? நான் அன்னைக்கே டீ ஆறுறதுக்குள்ள கணக்கைப் போட்டுட்டேன்.” அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “சரி, கேளுங்க.”

“என்னைக் கட்டிக்கிடுதியா, வேல்விழி?”