ஏழு பாகைக்குள்

கரைத்தீவில் பிறந்து வளர்ந்த ஃபஹ்மியாவுக்கு அனல் மின்நிலையத்தில் கிடைத்த வேலை, கடலுக்குத் திரும்பிப் போகும் தண்ணீரின் சூட்டைக் கவனிப்பது. கடலில் இருந்து இழுக்கிற தண்ணீர் இயந்திரங்களைக் குளிரவைத்துவிட்டுத் தான் சூடாகி வெளியே வரும். உள்ளே வந்ததைவிட ஏழு பாகைக்கு மேல் அது சூடேறக் கூடாது. ஏறினால் கரையோர மீன் விலகிவிடும். மீன் விலகினால் மீனவர் சங்கத் தலைவி இசபெல் வாசலில் வந்து நின்று சத்தம் போடுவார். போன கிழமையும் போட்டார்.

அன்று பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை, நோன்பு காலம். பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் திரையில் எட்டரைப் பாகை வித்தியாசம்.

"மீட்டர் பழுதாயிருக்கும்" என்றார் பொறியியலாளர் அன்ஸார்.

"கையால அளந்தும் பார்த்திட்டன் நானா. எட்டரைதான்" என்றாள் ஃபஹ்மியா; அவரை அவள் அண்ணன் முறையில் 'நானா' என்பாள்.

இருவரும் தண்ணீர் உள்ளே வரும் வாய்க்கு ஓடினார்கள். அங்கே லொறி லொறியாக ஜெலி கொண்டுவந்து கொட்டியது மாதிரி சொறிமுட்டைகள், கடலில் மிதக்கும் ஜெலிமீன்கள். தடுப்புக் கம்பிவலைகளை அடைத்துக்கொண்டு வழுவழுவென்று மிதந்தன. அள்ள அள்ள வந்துகொண்டே இருந்தன. உள்ளே வரும் தண்ணீர் குறைந்துபோனதால்தான் வெளியே போவது சூடேறியிருந்தது.

"மின்சாரத்தைக் குறைப்பம் நானா."

"இந்த வெயிலுக்கு நாடு முழுக்க ஏசி ஓடுது. கொழும்பில ஏன் குறைச்சண்டு கேப்பாங்களே?"

"கேட்டா என்ட பேரைச் சொல்லுங்க."

அன்ஸார் அவளை ஒருதரம் பார்த்தார். "ஏன், எனக்குப் பேரில்லையா?" என்று தொலைபேசியை எடுத்தார்.

உற்பத்தியைக் குறைத்ததும் சூடு ஏறாமல் நின்றது. ஆனால் இறங்கவில்லை. சொறிமுட்டைகளை வாய்க்கு வெளியிலேயே மறிக்க வேண்டும். அதற்குப் படகும் வலையும் வேண்டும். ஃபஹ்மியா மூச்சை இழுத்துவிட்டு இசபெலுக்கே அழைத்தாள்.

"சுடுதண்ணி விடுறது நீங்கள், சொறிமுட்டை அள்ளுறது நாங்களோ?" என்று அந்தப் பக்கம் வெடித்தது.

"அள்ளாட்டி இன்னும் சூடாத்தான் வரும் அக்கா. அது உங்கட பக்கந்தான் வரும். உண்மையைச் சொல்லிட்டன்."

அதைக் கேட்டு இசபெல் பெரிதாகச் சிரித்தார். "சரி, வாறம். ஆனா நீயும் படகில ஏறவேணும்."

தினமும் கடலை அளப்பவள் அதுவரை படகில் ஏறியதே இல்லை. மூன்று படகுகள் வந்தன. ஃபஹ்மியா விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, நீரோட்டம் எந்தப் பக்கம் என்று கைகாட்டினாள். வாய்க்கு முன்னால் பழைய வலைகளைச் சரிவாகக் கட்டினார்கள். வந்த சொறிமுட்டைகள் வலையில் முட்டி, சறுக்கி, ஓட்டத்தோடு ஒதுங்கிப் போயின. ஒரு அலை அவளைத் தலையோடு நனைத்தது. கத்தப்போனவள் சிரித்துவிட்டாள்.

இடுப்பில் இருந்த வோக்கிடோக்கியில் அன்ஸாரின் குரல் கேட்டது. "எட்டு... ஏழரை..." கொஞ்சம் பொறுத்து, பள்ளிக்கூடப் பொடியனைப் போல, "ஆறரை! ஃபஹ்மியா, ஆறரை!"

படகுகளில் விசில் பறந்தது.

கரையேறும்போது நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு சொல்லியாயிற்று. அன்ஸார் எல்லோருக்கும் நோன்புக் கஞ்சி வைத்திருந்தார். இசபெல் கோப்பையைக் கரண்டியால் கிளறினார்.

"தம்பி, இதில கோழி கிடக்கு. தவக்காலத்து வெள்ளிக்கிழமை நாங்கள் இறைச்சி தொடமாட்டம்."

அன்ஸாரின் முகம் விழுந்துவிட்டது. மேசையில் இருந்த பேரீச்சம்பழம், வடை, சர்பத் எல்லாவற்றையும் இசபெல் பக்கம் தள்ளினார். பேக்கரிக் கடைக்கு ஆளனுப்பிப் பாணும் பருப்பும் எடுப்பித்தார். படகுக்காரர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள்.

"இனி அந்தச் சூட்டுக் கணக்கை எங்களுக்கும் ஒவ்வொரு நாளும் சொல்லு பிள்ளை" என்றார் இசபெல். ஃபஹ்மியா அன்ஸாரைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார்.

மறுநாள் காலை சங்கத்து வட்ஸ்அப் குழுவில் அவளைச் சேர்த்தார்கள். 'இன்று வித்தியாசம் ஆறு பாகை' என்று அனுப்பினாள்.

'பாகையெல்லாம் விளங்காது. சுடுமா, சுடாதா?' என்று யாரோ கேட்டார்கள்.

அவள் சிரித்துக்கொண்டே எழுதினாள்: 'சுடாது.'