லிமிட் எடுத்த நாள்

ஆசுப்பத்திரியிலிருந்து வந்த வான் வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பியது. மடியிலிருந்த புருசன் யோகநாதனின் தலை குலுங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்த தயாளினி, நிமிர்ந்து பார்த்துத் திகைத்துப்போனாள். படலையில் மாவிலை கட்டியிருந்தது. முற்றத்தில் மூன்று கல் வைத்துப் பக்கத்து வீட்டுத் தங்கம்மா பொங்கிக்கொண்டிருந்தாள்.

மகள் கஜனி ஓடிவந்தாள். "அப்பாக்குச் சுகம் வந்தாப் பொங்கிறன் எண்டு மாமி நேத்தி வைச்சவாவாம், அம்மா. நீங்கள் போனிலை சொன்ன உடனை அடுப்பு மூட்டிப்போட்டா."

பிழை தயாளினியுடையதுதான். காலையில் வவுனியா ஆசுப்பத்திரியில் டொக்டர் நிதானமாகத்தான் சொன்னார். இரத்தம் சுத்திகரிக்கும் மெசினை இனி இருதயம் தாங்காது, வீட்டுக்குக் கொண்டுபோங்கோ, ஒருநாளோ இரண்டு நாளோ என்றார். "இனித் தண்ணிக்கு லிமிட் இல்லை, அம்மா. கேக்கிறதைக் குடுங்கோ" என்றும் சொன்னார். மகளோடு போனில் கதைத்தபோது மற்றதைச் சொல்ல மனம் வரவில்லை. டொக்டர் கடைசியாகச் சொன்னது மட்டும்தான் வாயில் வந்தது. சொந்த ஊரான ஒட்டுசுட்டானில் இருந்தவர்களுக்கு அது போதும். லிமிட் எடுத்தாயிற்று என்றால் வருத்தம் மாறிவிட்டது என்றுதானே அர்த்தம்.

அந்தச் சொல் வீட்டுக்கு வந்து நாலு வருசம். சிறுநீரகம் பழுது என்று தெரிந்த அன்று கிளினிக் கொப்பியில் சிவப்பு மையால் எழுதிவிட்டார்கள்: லிமிட்டட். கம்பனிப் பெயர்களின் வாலில் மட்டும் பார்த்த சொல். ஒரு நாளைக்கு முக்கால் லீற்றர், தேத்தண்ணியும் குளிசை விழுங்குகிற மிடறும் அதற்குள்தான் என்று நேர்ஸ் விளக்கினாள். "அப்ப எனக்கு வரம்பு கட்டியாச்சு எண்டு சொல்லுங்கோ" என்றார் வயல் செய்யும் யோகநாதன். பிறகு எல்லாவற்றுக்கும் அதையே பாவித்தார். வந்தவர்கள் எழும்பாமல் இருந்தால் "கதை லிமிட்டட்" என்பார். தயாளினி வாய் ஓயாமல் ஏசினால் "ஏச்சும் லிமிட்டட்" என்பார்.

சித்திரை வெயிலில் பகிடி வற்றிப்போகும். ஒருநாள் வாய்க்காலில் குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தவரை, களை பிடுங்கிய பெண்களுக்கு முன்னால் சேட்டில் பிடித்து இழுத்தாள். அவர் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பயம்தான். இந்த மனிசன் உள்ளுக்குள் என்னைச் சபித்துக்கொண்டேதான் போகப்போகிறார்.

"கஜனி, மாமியைக் கூப்பிடு. ஒண்டு சொல்லவேணும்" என்று அவள் வாயெடுக்க, யோகநாதன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சொல்லாதை, தயா. பொங்கட்டும். எனக்கும் பசிக்குது."

சாய்மனைக் கதிரையில் இருத்தினார்கள். தங்கம்மா தானே இளநீர் வெட்டிக்கொண்டு வந்தாள். நாலு வருசமாகத் தடுத்திருந்த சாமான். வாயில் வைத்ததை அவர் எடுக்கவில்லை. தயாளினியின் கை தன்பாட்டில் தடுக்க எழும்பியது. அதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்து இளநீர் நெஞ்சில் வழிந்தது. பொங்கலை இரண்டு தரம் கேட்டு வாங்கினார். உள்ளே போனது நாலு வாய்தான்.

"தங்கம்மாக்கா, வயிறும் மனமும் நிறைஞ்சு கிடக்கு. கோடி புண்ணியம் உங்களுக்கு."

"சும்மா இருங்கோ தம்பி. கோயில் வைகாசிப் பொங்கலுக்கு நடந்து வருவியள்."

"ஓம், ஓம்" என்றார்.

மற்றவர்கள் விலகியதும் தயாளினி பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டே கதைத்தார்.

"நீ மறிச்சு வைக்காட்டி நான் எப்பவோ அள்ளுப்பட்டுப் போயிருப்பன். நாலு போகம் அறுத்தனான். கஜனியின்ரை கலியாணம் பாத்தனான். எல்லாம் நீ தந்தது. உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை."

"அண்டைக்கு வாய்க்காலடியிலை…"

"அண்டைக்குக் கோவம்தான். பின்னேரம் மாறிப்போச்சு." ஒரு கண்ணைத் திறந்தார். "நீ இன்னும் வைச்சிருக்கிறியோ?"

அவள் நகர்ந்து கிட்ட வந்தாள். அவருடைய முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவருக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியது. நாலு மணிபோல அதுவும் நின்றது.

அடுத்தநாள் காலை ஊரே வந்தது. தங்கம்மாவை மட்டும் காணவில்லை. வாய்க்கரிசி போடப் பெண்களைக் கூப்பிட்டபோது, அக்கா எங்கே என்று தயாளினி கேட்டாள். கஜனி தயங்கினாள்.

"அவா கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறாவாம், அம்மா. தான்தானாம் இளநியைக் குடுத்து அப்பாவைக் கொன்றது."

தயாளினி எழும்பினாள். "பிரேதத்தை விட்டிட்டு எங்கை போறாய்?" என்று யாரோ அதட்டினார்கள். அவள் காதில் விழுத்தவில்லை. வேலியில் ஓட்டையாகக் கிடந்த பொட்டால் நுழைந்து போய்க் கதவைத் தட்டினாள்.

தங்கம்மா கதவைத் திறந்துவிட்டுப் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு இருந்தாள். நேற்று உடுத்த சீலைதான்.

"என்னைப் பாக்காதை, தயாளினி. நான் பாவி."

"டொக்டர் ஒருநாளோ ரெண்டு நாளோ எண்டுதான் அனுப்பினவர். எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். சொல்லாமல் விட்டது நாங்கள்தான் அக்கா."

"தெரிஞ்சுகொண்டோ குடிச்சவர்?"

"தெரிஞ்சுகொண்டுதான். நான் நாலு வருசம் குடுக்காததை நீங்கள் குடுத்தனீங்கள். வயிறு காயாமல் போயிருக்கிறார். உங்களுக்கு நான் என்ன கைமாறு செய்யப்போறன்?"

தங்கம்மா வாய்விட்டு அழுதாள். தயாளினி அவள் கையைப் பிடித்து எழுப்பினாள். வேலிப் பொட்டில் முதலில் அவளைக் குனிந்து நுழையவிட்டு, பின்னால் தான் நுழைந்தாள்.

பெண்கள் விலகி வழிவிட்டார்கள். கஜனி அரிசித் தட்டை நீட்டினாள். தங்கம்மா மூன்று விரலால் நுள்ளி எடுத்து, யோகநாதனின் உதட்டருகே கொண்டுபோய், போடாமல் நின்றாள்.

"அள்ளிப் போடுங்கோ அக்கா" என்றாள் தயாளினி.

தங்கம்மா திரும்பித் தட்டுக்குள் கையை விட்டாள். இந்த முறை விரல்களுக்கிடையால் அரிசி சிந்தச் சிந்த எடுத்தாள்.