ஆயிரம் அடி

விமானத்திலிருந்து இறங்கி முக்கால் மணி நேரம் ஆகியும் ஜானவி தலைக்கவசத்தைக் கொக்கியில் மாட்டவில்லை. கையிலேயே வைத்திருந்தாள். 

திருவனந்தபுரத்தில் கடலைப் பார்த்து நிற்கும் அந்தப் போர்த் தந்திரப் பள்ளியில், போர் விமானம் ஓட்டுவதில் ஏற்கெனவே கைதேர்ந்தவர்களைத்தான் சேர்ப்பார்கள். இருபத்திரண்டு வாரப் படிப்பில் இது பத்தொன்பதாவது வாரம். காலையில் கடலுக்கு மேலே பிரஜினுடன் ஒத்திகைச் சண்டை. ஜானவி ஜெயித்தாள். ஜெயித்த விதம்தான் சரியில்லை.

ஒத்திகையில் இரண்டு விமானங்களும் ஆயிரம் அடிக்குள் நெருங்கக் கூடாது. நெருங்கினால், முதலில் பார்த்தவர் ரேடியோவில் ‘நிறுத்து’ என்று சொல்லிச் சண்டையை முடிக்க வேண்டும். பார்த்தும் சொல்லாதவர் படிப்பை விட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான். இன்று பிரஜின் சூரியனை நோக்கித் திரும்பியபோது, அவனுடைய விமானத்தின் அடிப்பக்கம் வழிந்திருந்த எண்ணெய்க் கோட்டைக்கூட அவள் பார்த்தாள். இருநூறு அடி இருக்கும். ‘நிறுத்து’ என்றிருந்தால் கைக்கு வந்த வெற்றி போயிருக்கும். சொல்லவில்லை.

சண்டையைப் படம் பிடிக்கும் அவளுடைய பதிவுக் கருவி பாதியிலேயே நின்றுபோயிருந்தது. பிரஜினுடையது முன்பக்கத்தை மட்டும்தான் பதியும். தரை ரேடாரில் இவ்வளவு நெருக்கம் பிரிந்து தெரியாது; இரண்டும் ஒரே புள்ளிதான். ஆக, விஷயம் தெரிந்தது அவள் ஒருத்திக்கு மட்டும்.

போன் அடித்தது. ஊருக்குள் வலியசாலை வீட்டிலிருந்து அம்மா சுப்புலக்ஷ்மி.

“ஜானு, சாயங்காலம் ஆத்துக்கு வரயோ இல்லியோ?”

“தெரியலைம்மா. கிளாஸ் முடியணும்.”

“குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?”

“ஏசி ரூம்மா,” என்று வைத்துவிட்டாள்.

பறந்து வந்ததும் சண்டையை அலசும் ஆய்வு அறையின் வாசலில் ஓர் எவர்சில்வர் தட்டு இருந்தது. தோளில் ஒட்டியிருக்கும் பதவிப் பட்டையைப் பிய்த்து அதில் போட்டுவிட்டுத்தான் எவரும் உள்ளே போக வேண்டும். தலைமைப் பயிற்சியாளர் அழகியநம்பி, நாஞ்சில் நாட்டுக்காரர், தன்னுடையதை முதலில் போட்டார்.

“உள்ள ஆபீசர் யாரும் கெடையாது, கேட்டியளா. தப்பு மட்டுந்தான் உண்டு.”

விமானத்தில் பதிவான படம் ஓடுவதற்கு முன் அவரவர் தவறை அவரவரே பலகையில் எழுத வேண்டும். பிரஜின் எழுதினான்: ‘எதிரியைப் பார்வையிலிருந்து தவறவிட்டேன். நான்கு விநாடி.’ பேனாவை ஜானவியிடம் நீட்டித் தன் மலையாளத் தமிழில் சொன்னான்.

“நினக்கு எழுத எந்தா உள்ளது? ஜெயிச்ச ஆளு. ஒரு பூ வரைஞ்சிட்டுப் போ.”

அழகியநம்பி கேட்டார்: “பிரஜின், அந்த நாலு செகண்டுல இவ எங்க இருந்தான்னு நெனச்சே?”

“பின்னால சாரே. மூணு கிலோமீட்டர் இருக்கும். நாளைக்கு வினீத் கூடயும் இதே திருப்பந்தான். சூரியன் கண்ணுல அடிச்சா அவனுக்கும் ஒண்ணும் தெரியாது.”

கடைசி நாற்காலியில் இருந்த சக மாணவன் வினீத், பார்க்கலாம் என்று சிரித்தான். “நோக்காம், நோக்காம்.”

 இன்று வெயில் ஜானவியின் கண்ணில் படவில்லை. அதனால்தான் விலக முடிந்தது. நாளை வினீத்தின் கண்ணில் பட்டால் மோதல்தான்.

பலகையில் எழுதினாள்: ‘இருநூறு அடி. பார்த்தேன். நிறுத்தச் சொல்லவில்லை.’

அழகியநம்பி பலகையருகே வந்தார்.

“ஏன் சொல்லல?” என்றார்.

“ஜெயிக்கணும்னு இருந்தது சார்.”

“படத்துல இது வராதுன்னு ஒனக்குத் தெரியும்லா?”

“தெரியும் சார்.”

அவர் பலகையோரம் எழுதியிருந்த அடுத்த நாள் பறப்புப் பட்டியலில் ஜானவியின் பெயரை விரலால் அழித்தார். விரலில் ஒட்டிய மையைத் துடைத்துக்கொண்டார்.

“ஒன் படிப்பு விஷயம் சாயங்காலம் பேசுவோம். இப்போ நீ எப்படிக் கிட்ட வந்தேன்னு காமி.”

விமானிகள் காட்டுவதுபோல் அவள் இரண்டு உள்ளங்கைகளையும் உயர்த்தினாள். வலது கை பிரஜின், இடது கை அவள். 

முகம் வெளிறிப்போன பிரஜின் எழுந்து வந்தான். அவளுடைய வலது கையை மெல்லத் தாழ்த்திவிட்டு, அந்த இடத்தில் தன் கையை நீட்டினான்.

“என்டே பிளேன் நான் பிடிச்சுக்கறேன். நீ வா.”

அவள் தன் கையைக் கீழிருந்து சாய்த்துக் கொண்டுவந்தாள். ஒரு விரற்கடை இடைவெளியில் நிறுத்தினாள். வினீத் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தான்.